நாய்களுக்கு ஒரு மேஜிக் ஷோ

ஒரு நாயின் பிறந்தநாளுக்கு மேஜிக் செய்ய முடியுமா என்று கேட்டு அந்த அழைப்பு வந்தபோது, நான் பம்ப் கம்பெனி ஸ்டோரின் பின்பக்கம் டிபன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று மறுபடியும் கேட்டேன். பேசியவர் எழுபதைத் தாண்டியவர் என்பது குரலிலேயே தெரிந்தது. அவசரமில்லாமல், கூச்சமும் இல்லாமல், "நாய்க்குத்தானுங்க. பதிமூணு முடியுது" என்றார்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வாரம் ஆறு நாள் ஸ்டோர் கீப்பர், ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் வீடுகளில் மேஜிக்காரன். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பேன். கொஞ்ச காலமாக அப்படி இல்லை. நான் கையை விரிப்பதற்குள் முன்வரிசைக் குழந்தை ஒன்று, அது எப்படி என்று போனில் பார்த்திருப்பதாகச் சொல்லிவிடும். முழங்கால் வேறு வலிக்கிறது. கோயமுத்தூர் குளிர்ந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். மார்ச் மாதத்தில் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மொட்டைமாடியில் நின்று பார்த்தால் அவர்களுக்கும் தெரியும்.

முடியாது என்று சொல்வதற்கு ஒரு காரணம் யோசிக்க வேண்டும். அதற்குத் தெம்பில்லாமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

போத்தனூரில் எங்கள் வீட்டில் மனைவி ரவிக்கை தைத்துக்கொடுப்பாள். அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஊசியில் நூல் கோத்தபடியே, நாய்க்கு மேஜிக் புரியுமா என்று மட்டும் கேட்டாள். எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஷோ நடக்கும்போது நாயைப் பின்பக்கம் கட்டிப்போட்டிருப்பார்கள். அது குரைக்கிற சத்தம்தான் கேட்கும், நாயைப் பார்த்ததில்லை.

"ஒத்துக்கிட்டீங்கல்ல, முன்னாடியே ஒருக்கா செஞ்சு பாத்துட்டுப் போங்க. அங்க போயி முழிக்காதீங்க" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் எங்கள் சந்தில் படுத்திருக்கும் செவலை நாயின் முன்னால் போய் நின்றேன். எடுத்துக்கொண்டது ரொம்பச் சின்ன வித்தை. வலது கையிலிருக்கும் பிஸ்கட்டை இடது கைக்கு மாற்றுவதுபோல் மாற்றி, இடது கையை மூடி, ஊதி, விரித்தால் பிஸ்கட் இருக்காது. அது வலது உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நான் கற்றுக்கொண்ட முதல் வித்தை அது. டாக்டர்கள், வக்கீல்கள், ஒரு முறை ஒரு கல்லூரி முதல்வர் என்று எத்தனையோ பேர் என் இடது கையையே வெறித்துப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள்.

செவலை என் இடது கையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக வந்து வலது முஷ்டியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. நான் ஊதினேன், விரலைச் சொடுக்கினேன், இடது கையை விரித்துக் காட்டினேன். அது மூக்கை எடுக்கவில்லை. பத்துத் தடவைக்கு மேல் செய்திருப்பேன், அத்தனை தடவையும் வலது கைதான். பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு ரூபாய் நாணயத்தை மறைத்துக் காட்டினேன். கொட்டாவி விட்டுவிட்டு நிழலுக்குப் போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க ஏதோ ஒரு வெறியில், கண்ணில் பட்ட பிராணிகளிடமெல்லாம் செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டு வெள்ளாடு, நான் மறைத்த பட்டுக் கர்ச்சீப்பின் நுனியைக் கோட்டுக் கையிலிருந்து இழுத்து மெல்ல ஆரம்பித்தது. பால்காரர் தொழுவத்து எருமை அசைபோட்டபடி என்னைப் பார்த்தது. கர்ச்சீப் இருந்தபோது எப்படிப் பார்த்ததோ, இல்லாதபோதும் அப்படியேதான் பார்த்தது. பூனை என் கையை விட்டுவிட்டு முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. காக்கை மட்டும் வேறு மாதிரி. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்கைக்கு முறுக்குத் துண்டைக் காட்டி மறைத்தேன். அது தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தது, பிறகு மறுபக்கம் சாய்த்துப் பார்த்தது. சுற்றுச்சுவருக்கு இறங்கி வந்து என் கோட்டுக் கையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது. ஐந்தாறு காக்கைகள் சேர்ந்துவிட்டன. முறுக்கைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஸ்டோரில் என்னோடு வேலை பார்ப்பவருக்குக் காரமடைப் பக்கம் தோட்டம் இருக்கிறது. நாய்களோடேயே வளர்ந்தவர். நாய்க்குக் கண் இரண்டாவதுதான், முதலில் மூக்கு, அதை ஏமாற்ற உங்களால் ஆகாது என்று அவர் சொன்னார். எனக்கு ஒருவகையில் நிம்மதியாக இருந்தது. ஏமாறாது என்று தெரிந்துவிட்டது. போய் நின்று செய்துவிட்டு வந்துவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். காந்திபுரத்தில் பஸ் மாறி, அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வாசல் செக்யூரிட்டி நோட்டை நீட்டி, என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று எழுதச் சொன்னார். 'பிறந்தநாள்' என்று எழுதினேன்.

என்னைக் கூப்பிட்ட பெரியவர் லிப்ட் வாசலிலேயே காத்திருந்தார். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, லேசாக நடுங்குகிற கைகள். ஒரு காலத்தில் மில் வைத்திருந்த குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், வெளி ஆட்களிடம் எங்களைப் போலவே பேசுவார்கள். பெட்டியை வாங்கப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை. அவருடைய மனைவி கீழ்த்தளத்து ஹாலில் கேக் வெட்டத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், தான் வேண்டாமென்றுதான் சொன்னதாகவும் இவர் கேட்கவில்லை என்றும் ஏதோ மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொன்னார். நல்ல களைப்பு அந்த அம்மாவின் முகத்தில்.

பிறந்தநாள்காரன் ஒரு மடித்த போர்வையின் மேல் படுத்திருந்தான். மஞ்சள் நிற லாப்ரடார். முகம் முழுக்க நரைத்திருந்தது. கழுத்தில் புதுத் துண்டு கட்டியிருந்தார்கள். அந்தக் குடியிருப்பிலிருந்து இன்னும் ஏழெட்டு நாய்கள், அவற்றின் வீட்டார், எல்லோர் கையிலும் போன்.

ஷோவை ஆரம்பித்தேன். கயிற்றை இரண்டாக வெட்டி ஒன்றாக்குகிற வித்தையில், வெட்டுவதற்கு முன்பே ஒரு நாட்டு நாய் கயிற்றின் மறுமுனையைக் கவ்வி இழுத்தது. மந்திரக்கோலிலிருந்து படக்கென்று பூங்கொத்து விரிந்ததும் எல்லா நாய்களும் சேர்ந்து குரைத்தன. ஒரு சின்னப் பக் நாய், நான் சீட்டுகளை விசிறிபோல் விரித்த நேரத்தில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டது. பிஸ்கட் வித்தைக்கு வந்தபோது மூன்று நாய்கள் ஒரே நேரத்தில் என் கோட்டுப் பையில் மூக்கை விட்டன. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் நாய்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், போன்களும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தன. முப்பது வருஷத்தில் முதல்முறையாக என் கையை யாருமே பார்க்கவில்லை. எதையும் மறைக்காமலே செய்திருக்கலாம். அவமானமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. எப்போது முடியும் என்றுதான் இருந்தது.

அப்போது பெரியவர் வந்து, "எல்லாத்துக்கும் செஞ்சு காமிச்சீங்க. என்ற பையனுக்கு ஒண்ணு தனியா செய்யுங்க" என்று போர்வைப் பக்கம் கை காட்டினார்.

முழங்கால் மடங்க மறுத்தாலும் சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தேன். நாய்க் கிழவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். கண்ணில் லேசாகப் புகை படிந்திருந்தாலும் பார்வை இருந்தது. பிஸ்கட்டைக் காட்டினேன். காது நிமிர்ந்தது. இடது கைக்கு மாற்றுவதுபோல் மாற்றினேன். அவனும் வலது முஷ்டிக்குத்தான் வருவான் என்று எதிர்பார்த்து, சிரித்துக்கொண்டே கொடுத்துவிடத் தயாராக இருந்தேன்.

அவன் மூக்கு என் இடது கைமேல் வந்து நின்றது.

விரித்தேன். காலி. அவன் உள்ளங்கையைப் பார்த்தான். ஒரு தடவை நக்கிப் பார்த்தான். கைக்கு அடியில் தரையைப் பார்த்தான். பிறகு முன்கால்களை ஊன்றி எழுந்தான். பின்கால்கள் டைல்ஸில் வழுக்கின, இரண்டு முறை முயன்றுதான் நிற்க முடிந்தது. என்னைச் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய்த் தேடினான். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது அவன் மூக்கு, பிஸ்கட் இருந்த என் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் கடந்துபோனது. அவனுக்குத் தெரியவில்லை. நேராகப் பெரியவரிடம் போய், அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

பெரியவர் குனிந்து அவன் தலையில் கை வைத்தார். "மோப்பம் போயிருச்சுங்க அவனுக்கு. ஆறு மாசமாச்சு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒரு வாரமாக நாய், ஆடு, காக்கை என்று யாரையும் ஏமாற்ற முடியாமல் திரிந்தவன், கடைசியில் ஒரு நாயை முழுசாக ஏமாற்றிவிட்டேன். ஒரு குழந்தைகூட அப்படித் தேடி நான் பார்த்ததில்லை. குழந்தைக்கு அது விளையாட்டு என்று தெரியும். இவனுக்கு அப்படி எதுவும் தெரியாது. இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான்.

நாக்கைச் சொடுக்கி அவனைக் கூப்பிட்டேன். வந்தான். வலது கையை அவன் கண்ணுக்கு நேராக விரித்து, பிஸ்கட் எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டினேன். மறுபடியும் இடது கைக்கு மாற்றுவதுபோல் செய்து, இந்த முறை மெதுவாக, விரல் விரலாகப் பிரித்துக் காட்டினேன். வித்தையை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் சத்தியம் செய்திருக்கிறேன். கூட்டத்தில் ஒரு பெண், "சீக்ரெட்ட சொல்லிட்டாரு பாருங்க" என்று சொல்வது கேட்டது. சொன்னால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் பிஸ்கட்டை வாங்கினான். பாதி கீழே விழுந்தது, அதையும் எடுத்துத் தின்றான். பிறகு அடுத்ததற்காக என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பாக்கெட்டைப் பிரித்து, மீதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அதோடு ஷோ முடிந்தது.

கிளம்பும்போது பெரியவர் வாசல் வரைக்கும் கூடவே வந்தார். நாய்க்கு இதயம் வீங்கியிருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் மாத்திரை தர வேண்டும். இட்லியில் வைத்தாலும் தயிர்ச்சோற்றில் பிசைந்தாலும் ஈரலுக்குள் செருகினாலும், நாக்கால் துழாவி மாத்திரையை மட்டும் துப்பிவிடுகிறான். வாயைத் திறந்து உள்ளே போடலாம் என்றால் தன் கை நடுங்குகிறது, அவனுக்கும் வலிக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, மறைக்கறதுலயே இத்தன வருசம் இருக்கறீங்க. மாத்திரைக்கு ஒரு வழி சொல்லுங்களேன்."

பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது அதைத்தான் யோசித்தேன். மறைப்பது இதற்கு உதவாது. நாக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் மேஜிக்கில் மறைப்பது பாதிதான். எதிரில் இருப்பவரின் ஆசையை அடுத்ததன் மேல் வைத்துவிட்டால், கையில் இருப்பதைச் சரியாகக் கவனிக்க மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கேட்டு வந்த ஒரு ஷோவைத் தட்டிக்கழித்துவிட்டு அங்கே போனேன்.

மூன்று துண்டு ஈரல். முதலாவதில் ஒன்றுமில்லை. அதைச் சாப்பிட்டு நம்பிக்கை வரட்டும். இரண்டாவதில் மாத்திரை. அது வாய்க்குப் போவதற்கு முன்பே மூன்றாவது துண்டை மறு கையில் அவன் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துவிட வேண்டும். மூன்றாவது கைநழுவிப் போய்விடுமோ என்ற அவசரத்தில் இரண்டாவதைத் துழாவாமல் விழுங்கிவிடுவான். நான் செய்தபோது முதல் தடவையே உள்ளே போய்விட்டது. பெரியவரின் மனைவி நாயின் வாயைத் திறந்து பார்த்து, நாக்குக்கு அடியிலும் பார்த்து, இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

பெரியவர் செய்தபோது துப்பிவிட்டான். மறுபடியும் செய்தார், மறுபடியும் துப்பினான். கை நடுங்குவதால்தான் என்று அவர் வருத்தப்பட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் நடுக்கம் இல்லை.

"நீங்க மாத்திரை இருக்கற கையப் பாக்கறீங்க" என்றேன். "நீங்க எதப் பாக்கறீங்களோ அதத்தான் அவனும் பாக்கறான். அந்தக் கைய மறந்துபோடுங்க. மூணாவது துண்டுதான் முக்கியம்னு நீங்களே நம்போணும்."

"மாத்திரைதானுங்க முக்கியம். அத எப்படி மறக்கறது?"

நான் மேடையில் முப்பது வருஷமாக மறந்திருக்கிறேன், ஆனால் அங்கே தவறினால் போவது ஒரு நாணயமோ கர்ச்சீப்போதான். அவருக்கு அப்படி இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். மாத்திரை இல்லாமல் வெறும் ஈரலை வைத்துப் பழகினார். நாயை விட்டுவிட்டு என்னிடம் பழகினார். நான் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பேன், அவர் இட்லித் துண்டை நீட்டுவார், அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்று பார்ப்பார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நான்காவது வாரம் புதன்கிழமை காலையில் ஸ்டோரில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "முழுங்கிப்போட்டானுங்க" என்றார் பெரியவர். அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்த அழைப்பு வரும். முழுங்கிவிட்டான் என்பார், அல்லது இன்று இரண்டு தடவை துப்பி மூன்றாவதில் போனது என்பார். லாரிக்காரர் கையெழுத்துக்காக எதிரில் நின்றுகொண்டிருப்பார், நான் சரிங்க, நல்லதுங்க என்பேன். சில நாள் எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் போனை எடுக்காமல் விட்டதில்லை.

நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் அப்படிப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை அழைப்பு வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தது. நான் அப்போதுதான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"விடியறப்ப போயிட்டானுங்க" என்றார். "தூக்கத்துலயேதான். நேத்துக் காலைலகூட மாத்திரைய மொதத் தடவையே முழுங்கிப்போட்டான்."

நான் ஏதோ சொன்னேன். அவர் குரல் உடையவில்லை. நான் சாப்பிட்டுவிட்டேனா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். மனைவியிடம் சொன்னபோது அவள் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் சற்று நேரம் நின்றாள். அவள் அந்த நாயைப் பார்த்ததுகூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூலூரில் ஒரு பிறந்தநாளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லி, தெரிந்த இன்னொருவரை அனுப்பிவிட்டு, பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு அவிநாசி ரோட்டுக்குப் போனேன். வெயில் கொளுத்தியது. அம்மாதான் கதவைத் திறந்தார். பெரியவர் தூங்குவதாகச் சொன்னார். எழுப்ப வேண்டாம் என்றேன்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். இந்த நான்கு மாதமாகப் பெரியவர் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை, நாய்க்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்க எழுந்து எழுந்து போவார், அவர் எழுந்தால் தனக்கும் தூக்கம் போய்விடும் என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் படுத்தவர், சாப்பிடுகிற நேரம் போக, இன்னும் தூங்கிக்கொண்டேதான் இருக்கிறாராம். அந்த அம்மாவின் கண்ணும் பேசும்போதே சொருகியது.

"தப்பா எடுத்துக்காதீங்க, நானும் போயி சித்த சாஞ்சுக்கறனுங்க" என்றார். "நீங்களும் இந்த சோபாவுல படுங்க. வெயில் தாழ எல்லாரும் எந்திரிச்சுக்கலாம்."

உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினேன். அடுத்தவர் வீட்டில் தூங்கக் கூடாது என்று நினைத்தது வரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. எதிர் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று விளக்கைப் போடாமல், மங்கின வெளிச்சத்திலேயே பேப்பரைக் கண்ணருகில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ தெரியவில்லை. நான் அவசரமாக எழுந்து உட்காரப் பார்த்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது.

"மெதுவா எந்திரிங்க" என்றார் பேப்பரை மடித்தபடி. "காப்பி வைக்கச் சொல்லட்டுங்களா?"

சொல்லுங்கள் என்றேன்.